வெலிங்டனில் படித்த அதிகாரி டெல்லியில் செயலாளர் ஆனது எப்படி? குன்னூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கிறேன். ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும், சுற்றுலாப் பயணிகளிடம் அந்த இடத்தைக் காட்டும் டாக்ஸி ஓட்டுநர்களும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர் எப்படி இறந்தார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் பார்த்த வேலை என்ன என்றால் பதில் வருவதில்லை. அது எனக்கு மனத்தாங்கல். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

"சார், சிடிஎஸ் பரீட்சை பாஸ் பண்ணினா ராவத் சார் மாதிரி சிடிஎஸ் ஆகிடலாமா?"

வகுப்பில் வருஷா வருஷம் வரும் முதல் கேள்வி இது. குழப்பம் நியாயமானதுதான், ஏனென்றால் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மூன்றெழுத்து. பரீட்சைக்குப் பெயர் 'கம்பைண்டு டிஃபென்ஸ் சர்வீசஸ்'. பட்டதாரிகளுக்காக யூபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துவது. அதில் தேறி, எஸ்எஸ்பி எனும் படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் பயிற்சி அகாடமிக்குப் போகலாம். பயிற்சி முடிந்தால் தரைப்படையில் லெப்டினன்ட். அது முதல் படி.

ராவத் வகித்த பதவி 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்', தமிழில் முப்படைத் தலைமைத் தளபதி. நாட்டில் ஒரே ஒருவர்தான் அந்தப் பதவியில் இருக்க முடியும். முதல் படிக்கும் அந்தப் படிக்கும் நடுவில் நாற்பது வருஷ உழைப்பு இருக்கிறது. கீழே பரீட்சையைச் சொல்லும்போது 'பரீட்சை' என்றும், பதவியைச் சொல்லும்போது 'தலைமைத் தளபதி' என்றும் எழுதுகிறேன்.

"அவரு ராணுவத் தளபதியா, இல்ல அதுக்கும் மேலயா?"

இரண்டுமாக இருந்தார், ஒன்றன்பின் ஒன்றாக. 2016 டிசம்பர் 31 முதல் 2019 டிசம்பர் 31 வரை தரைப்படைத் தளபதி. 2020 ஜனவரி 1 முதல், இறந்த நாள் வரை, நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி. இரண்டும் நான்கு நட்சத்திரப் பதவிகள்தான். அடிப்படைச் சம்பளமும் ஒன்றே, மாதம் 2,50,000 ரூபாய். அதனால் 'மேல்' என்ற சொல்லை இங்கே கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஏன் என்று பின்னால் 'ஆர்டர் போட முடியுமா' என்ற கேள்வியில் சொல்கிறேன்.

"எங்க ஆரம்பிச்சு எப்படி அங்க போனாரு?"

1958 மார்ச் 16 அன்று, இன்றைய உத்தராகண்டில் உள்ள பௌரியில் பிறந்தார். அவரும் நம்மைப் போல மலை ஊர்க்காரர். அப்பா லட்சுமண் சிங் ராவத்தும் ராணுவ அதிகாரி, லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தவர். மகன் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் படித்து, டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் கௌரவ வாள் வாங்கி, 1978 டிசம்பர் 16 அன்று 11வது கூர்க்கா ரைபிள்ஸின் 5வது பட்டாலியனில் சேர்ந்தார். அப்பா இருந்த அதே பட்டாலியன்.

அதற்குப் பிறகு அவர் போன வழியைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். கொஞ்ச காலம் களம், கொஞ்ச காலம் மேசை. எல்லையில் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். காஷ்மீரின் சோபூரில், தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸின் ஒரு பிரிவை நடத்தினார். காங்கோவில் ஐநா அமைதிப்படையின் ஒரு பிரிகேடுக்குத் தலைமை ஏற்றார். ஊரியில் ஒரு டிவிஷனும், திமாப்பூரில் டிவிஷன்கள் பல சேர்ந்த 3வது கோரும் அவர் பொறுப்பில் இருந்தன. இடையிடையே இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சியாளர், தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைப் பிரிவு, அதிகாரிகளின் பணியிட மாற்றங்களையும் பதவி உயர்வுகளையும் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி பிரிவு. 2016 ஜனவரியில் தெற்கு ராணுவத் தளபதி, செப்டம்பரில் துணைத் தளபதி, டிசம்பரில் தளபதி.

இந்த மேசை வேலைகளைச் செய்திகளில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சண்டை போடத் தெரிந்தவரைத் திடீரென்று கோப்பு பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சோபூரில் இருந்த அதே மனிதர் அதற்கு முன்பும் பின்பும் டெல்லியில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"நம்ம வெலிங்டன்லதான் படிச்சாராமே? அங்க அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கறாங்க?"

ஆமாம், ராவத் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் பழைய மாணவர். நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியைத்தான் சொல்கிறேன். அது 1905இல் தேவலாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போன கல்லூரி. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், நம் பங்கு வெலிங்டனுக்கு வந்தது. 1948 ஏப்ரலில் முதல் வகுப்பு நடந்தது. 1950 முதல் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே கூரையின் கீழ் படிக்கின்றன. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வருகிறார்கள். ஜூன் மாதத்தில் வெளிநாட்டுக் குடும்பங்கள் குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி வாங்குவது அதனால்தான்.

அங்கே துப்பாக்கிப் பயிற்சி நடப்பதில்லை. அதெல்லாம் முடித்து, சுமார் பத்து வருஷம் பணியாற்றி, மேஜர் நிலையில் இருப்பவர்கள் தேர்வு எழுதி உள்ளே வருகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம், சிறு குழுக்களாக உட்கார்ந்து திட்டம் போடவும், அதைச் சுருக்கமாக எழுதவும், மற்றப் படைக்காரரின் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளவும் கற்கிறார்கள். முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்எஸ்சி பட்டம் கிடைக்கும். சின்னம் ஆந்தை. நம் பாட்டிமார் ஆந்தை அலறினால் ஆகாது என்பார்கள், அங்கே அது அறிவின் அடையாளம். குறிக்கோள் வாசகம் 'யுத்தம் பிரக்ஞயா', அறிவோடு போர் என்று பொருள். முந்தைய பதிலில் சொன்ன மேசை வேலைக்கான அடித்தளம் இங்கேதான் போடப்படுகிறது.

"செயலாளர்னா ஐஏஎஸ்தானே? ராணுவக்காரர் எப்படி அந்த நாற்காலில உட்கார முடியும்?"

2019 வரை முடியாது. தளபதிகள் அமைச்சகத்துக்கு வெளியே இருந்தார்கள், அமைச்சகத்தின் துறைகளைச் செயலாளர்கள் நடத்தினார்கள். 2019 டிசம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை இரண்டு முடிவுகளைச் சேர்த்து எடுத்தது. ஒன்று, தலைமைத் தளபதி பதவி. இன்னொன்று, பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் 'ராணுவ விவகாரத் துறை' என்ற புதிய துறை. அந்தத் துறைக்குச் செயலாளர் தலைமைத் தளபதியே. ராவத் சீருடையோடு செயலாளர் ஆனது இப்படித்தான். அவருக்குக் கீழே கூடுதல் செயலாளர், இணைச் செயலாளர் நாற்காலிகளுக்கும் பிறகு சீருடை அதிகாரிகள் வந்தார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் குன்னூர்–ஊட்டி பஸ்ஸையே பயன்படுத்துவேன். அமைச்சகத்தில் இப்போது ஐந்து துறைகள். பஸ் வெலிங்டனைத் தொடும்போது எம்ஆர்சி வருகிறது, அதாவது மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். 1758இல் உருவான படைப்பிரிவு அது. படைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ராணுவ விவகாரத் துறை. அதே வெலிங்டனில் வீட்டு வரியும் குப்பையும் பார்ப்பது கன்டோன்மென்ட் போர்டு, அது பாதுகாப்புச் செயலாளரின் துறையில் வரும். கொஞ்சம் தள்ளி அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி, அது பாதுகாப்பு உற்பத்தித் துறை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் பென்ஷன் வாங்கும் தாத்தாவின் பையில் இருக்கும் ஈசிஹெச்எஸ் மருத்துவ அட்டை, முன்னாள் படைவீரர் நலத் துறையுடையது. ஐந்தாவதான பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைக் காட்ட மட்டும் இந்தப் பாதையில் கட்டடம் இல்லை.

"அப்போ பாதுகாப்புச் செயலாளர் பெரியவரா, இவர் பெரியவரா?"

அரசின் மரியாதை வரிசையில் நான்கு நட்சத்திரத் தளபதிகள் 12வது இடம், மத்திய அரசுச் செயலாளர்கள் 23வது இடம். அந்தக் கணக்கில் சீருடைதான் முன்னால். வேலைப் பங்கீட்டில் கதை வேறு. 'இந்தியாவின் பாதுகாப்பு' என்ற மொத்தப் பொறுப்பும், விமானம், கப்பல் போன்ற பெரிய கொள்முதல்களும் பாதுகாப்புச் செயலாளரின் துறையில் தொடர்கின்றன. முப்படைகள், அவற்றின் தலைமையகங்கள், டெரிடோரியல் ஆர்மி, பெரிய கொள்முதல் அல்லாத படைச் செலவுகள் ஆகியவை ராணுவ விவகாரத் துறைக்கு வந்தன. ஒருவர் மற்றவருக்குக் கீழே இல்லை. இருவரும் அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

"சரி, மூணு தளபதிங்களுக்கும் அவரு ஆர்டர் போட முடியுமா?"

முடியாது. பதவியை உருவாக்கிய அரசு அறிவிப்பிலேயே இது தெளிவாக இருக்கிறது. தலைமைத் தளபதிக்கு மூன்று தளபதிகள் மீது படைக்கட்டளை அதிகாரம் கிடையாது. அமைச்சருக்கு எந்தப் படைப் பக்கமும் சாயாமல் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். சைபர், விண்வெளி சம்பந்தமான கூட்டு அமைப்புகள் மட்டும் அவர் கட்டளையின் கீழ் வரும். தளபதிகள் குழுவுக்கு அவர் நிரந்தரத் தலைவர், அணு ஆயுதக் கட்டளை ஆணையத்துக்கு ராணுவ ஆலோசகர்.

இதைக் கேட்டதும் "அப்போ பவர் குறைஞ்ச போஸ்ட்டா சார்?" என்று முகம் வாடுவார்கள். 2019 டிசம்பர் 31 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவர் சொல்லுக்கு நடந்தார்கள். மறுநாள் காலை அவர் கையில் ஒரு படைப்பிரிவுகூட இல்லை. ஒரு புதுத் துறை இருந்தது, அதற்கு ஆட்கள் சேர்க்க வேண்டியிருந்தது, தனக்குச் சமமான மூன்று தளபதிகளைப் பேசி இணங்க வைக்க வேண்டியிருந்தது. ராணுவ வாழ்க்கையில் இதைவிடக் கடினமான மாற்றம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். கட்டளை போட்டே பழகியவர் சம்மதம் கேட்டுப் பெறும் வேலைக்குத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அவரை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்றுதான் நான் வாதாடுகிறேன்.

"இவ்ளோ முக்கியமான பதவின்னா ஏன் 2019 வரைக்கும் இல்ல?"

பேச்சு பழையது. 1999 கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தார்கள். திருச்சியில் பிறந்த தமிழர், ஐஏஎஸ் அதிகாரி. பாதுகாப்பு நிர்வாகத்தை முழுக்க மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அதைத் தொடர்ந்து 2001இல் அமைச்சர்கள் குழு தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. 2012இல் நரேஷ் சந்திரா குழு, தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவர் வேண்டும் என்றது. 2016இல் ஷெகாட்கர் குழுவும் வலியுறுத்தியது. ஒரு படை மற்ற இரண்டை விழுங்கிவிடுமோ என்ற பயமும், ஒரே சீருடைக்காரரிடம் அதிகாரம் குவிந்துவிடுமோ என்ற அரசியல் தயக்கமும் தடுத்தன. 2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர் அறிவித்த பிறகுதான் நடந்தது.

"நம்ம மானெக்‌ஷாவும் இதே பதவில இருந்தவர்தானே?"

இல்லை. குன்னூர்க்காரர்களுக்கு அவர் மேல் உரிமை அதிகம், அதனால் எல்லாப் பெருமையையும் அவருக்கே கொடுத்துவிடுகிறோம். அவர் 1969 முதல் 1973 வரை தரைப்படைத் தளபதி. 1971 போருக்குப் பிறகு, 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அது ஐந்து நட்சத்திர கௌரவம், வாழ்நாள் முழுக்க இருக்கும். நிர்வாகப் பதவி அல்ல. அமைச்சகத்தில் அவர் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

வெலிங்டனோடு அவருக்கு உள்ள உறவு வேறு வகை. ஸ்டாஃப் காலேஜின் கமாண்டன்டாக இருந்தார், ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே தங்கினார், 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டி பார்சி கல்லறையில் இருக்கிறார்.

"சீனியருங்கள தாண்டித்தான் தளபதி ஆனாருன்னு சொல்றாங்களே?"

உண்மை. 2016இல் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவரைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், பிரவீன் பக்‌ஷியும் பி.எம். ஹரிஸும். மூப்புதான் மரபு, ஆனால் அது சட்டம் இல்லை, அரசு தேர்ந்தெடுக்கலாம். 1983லும் எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யாவைத் தளபதி ஆக்கினார்கள், சின்ஹா பதவி விலகினார். ராவத் விஷயத்தில் அந்த இருவரும் பணியைத் தொடர்ந்தார்கள். அந்தப் பெருந்தன்மையையும் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வேன்.

"ரிடையர் ஆனவரைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சாங்களாமே, அது எப்படி சரி?"

இரண்டாவது தலைமைத் தளபதி அனில் சவுகானைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர் கிழக்கு ராணுவத் தளபதியாக இருந்து 2021 மே மாதம் ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல். ராவத் இறந்து ஒன்பது மாதத்துக்கு மேல் நாற்காலி காலியாக இருந்தது. 2022 ஜூனில் விதியைத் திருத்தினார்கள்: பணியில் இருப்பவரோ ஓய்வு பெற்றவரோ, லெப்டினன்ட் ஜெனரலோ அதற்குச் சமமான கடற்படை, விமானப்படை அதிகாரியோ, 62 வயதுக்குள் இருந்தால் நியமிக்கலாம். 65 வயது வரை பணி நீட்டிக்கலாம். அதன்படி சவுகான் ஜெனரல் ஆகி, 2022 செப்டம்பர் 30 அன்று பொறுப்பேற்றார். அவரும் இடைப்பட்ட காலத்தில் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் செயலகத்தில் ராணுவ ஆலோசகராக இருந்தவர். மறுபடியும் மேசை.

"இந்தப் பதவி முடிஞ்சதும் கவர்னர், கம்பெனி டைரக்டர்னு போலாமா?"

தலைமைத் தளபதிக்கு மற்றத் தளபதிகளைவிடக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பதவி முடிந்த பிறகு எந்த அரசுப் பதவிக்கும் அவர் தகுதியற்றவர். ஐந்து வருஷத்துக்கு முன்அனுமதி இல்லாமல் தனியார் வேலையும் கூடாது. இதைக் கேட்டதும் முன்னாள் தளபதி வி.கே. சிங் மத்திய இணை அமைச்சர் ஆனதைச் சொல்வார்கள். அவர் 2012இல் ஓய்வு பெற்ற தரைப்படைத் தளபதி, அப்போது இந்தப் பதவியே கிடையாது. ஆகவே அந்த உதாரணம் இங்கே பொருந்தாது.

"தமிழ்நாட்டுக்காரங்க யாராவது இவ்ளோ உயரம் போயிருக்காங்களா?"

தரைப்படைத் தளபதிகளில் உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை. மானெக்‌ஷாவுக்குப் பொறுப்பை ஒப்படைத்தவர் இவர்தான். செங்கல்பட்டில் பிறந்த கே. சுந்தர்ஜி 1986 முதல் 1988 வரை. சுந்தரராஜன் பத்மநாபன் 2000 முதல் 2002 வரை. தலைமைத் தளபதி நாற்காலியில் உட்கார்ந்த முதல் இருவரும் நம்மவர் இல்லை.

"என் பொண்ணு பத்தாவது படிக்கறாங்க. அவ இந்த வழில போகணும்னா இப்போ என்ன செய்யணும்?"

இதைக் கேட்கும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். சில வருஷம் முன்பு யாரும் பெண்ணுக்காகக் கேட்டதில்லை. 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்களும் சேர்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அந்தத் தேர்வு. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் போதும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். அந்த வாய்ப்பு போனால், பட்டம் முடித்து முதல் கேள்வியில் சொன்ன பரீட்சை. அதன் வழியாகப் பெண்கள் போவது சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு.

ஆங்கில நாளிதழைத் தினமும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நம் மலைப் பிள்ளைகளுக்கு ஏற்றத்தில் நடந்து மூச்சும் காலும் பழகியிருக்கும், எஸ்எஸ்பியில் பலர் தவறுவது குழுவில் வாய் திறக்கத் தயங்குவதால்தான். வயது வரம்பு ஒவ்வொரு அறிவிப்பிலும் தேதியோடு வரும், ஒரு நாள் தள்ளிப் போனாலும் விண்ணப்பம் செல்லாது. பிறப்புச் சான்றிதழை இப்போதே சரிபாருங்கள்.

"அன்னிக்கு எதுக்கு இங்க வந்தாரு? நிஜமா என்னதான் நடந்துச்சு?"

ஸ்டாஃப் காலேஜில் பாடம் எடுக்க வந்தார். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. உள்ளே 14 பேர். அவரும் மனைவி மதுலிகாவும் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி பெங்களூரில் இறந்தார். நஞ்சப்பசத்திரத்து மக்கள் குடத்தில் தண்ணீரும் கையில் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது.

சதி என்று இன்றும் பேசுகிறவர்களுக்கு: முப்படை விசாரணை இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றையும் தள்ளியது. பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய், விமானிக்குத் திசை உணர்வு தப்பி, மலையில் மோதியது என்றது. 2024இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இடம்பெற்ற விபத்துப் பட்டியலில் 'மனிதத் தவறு' என்று குறித்திருந்தார்கள். இரண்டும் முரண் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. மேகத்தில் திசை தப்புவதை விபத்து வகைப்பாட்டில் அந்தத் தலைப்பில்தான் சேர்ப்பார்கள். டிசம்பர் மாதத்தில் காட்டேரி வளைவில் மஞ்சு இறங்கும்போது எதிரே வரும் லாரியே தெரியாது என்பது நமக்குத் தெரியாததா?

"அவரு ஆரம்பிச்ச வேலை முடிஞ்சுதா?"

முடியவில்லை. போக்குவரத்து, சரக்கு, பயிற்சி, பழுதுபார்ப்பு எல்லாவற்றிலும் மூன்று படைகளையும் சேர்ந்து இயங்க வைக்க மூன்று வருஷக் கெடு கொடுத்திருந்தார்கள். அவருக்குக் கிடைத்தது இரண்டு வருஷம்கூட இல்லை, அதிலும் பெரும்பகுதி கொரோனா காலம், லடாக் பதற்றம். ஒரு எல்லைப் பகுதியில் உள்ள மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் 'தியேட்டர் கமாண்ட்'தான் அவருடைய பெரிய திட்டம். விமானப்படைக்கு அதில் தயக்கம் இருந்ததும், அவர் அதை வெளிப்படையாகவே விவாதித்ததும் செய்திகளில் வந்தவை.

அவருக்குப் பிறகு, கூட்டு அமைப்பின் தலைவர் எந்தப் படைக்காரராக இருந்தாலும் தன் கீழ் உள்ள மூன்று படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்ற சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, கடற்படை அதிகாரி தலைமை தாங்கும் கூட்டு அமைப்பில் ஒரு தரைப்படைச் சிப்பாய் தவறு செய்தால், நடவடிக்கைக்காக அவரைத் தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது அனுப்ப வேண்டியதில்லை.